எதிர்காற்றும் வண்டிக் கொழுப்பும்

யாழ்ப்பாணத்தில் ஏறுவதற்கு மலை இல்லை. ஆனால் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் நாட்களில் பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுப் பக்கம் சைக்கிள் உழக்கிப் பாருங்கள், காற்றே மலையாகி எதிரில் நிற்கும். என் மாமாவுக்கு 67 வயது. ஓய்வு பெற்ற பிறகு நன்றாக வண்டி வைத்துவிட்டது (வயிற்றை நாங்கள் வண்டி என்போம்). மூன்று மாதமாக அந்தக் காற்றோடு மல்லுக்கட்டிவிட்டுத் தராசில் ஏறினார்.

"இவ்வளவு உழக்கியும் ரெண்டு கிலோதான் தம்பி குறைஞ்சிருக்கு."

அவர் இடுப்பைப் பார்த்தேன். பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்தது. தராசைவிட அந்தப் பெல்ட்டைத்தான் நான் நம்புகிறேன்.

வயிற்றில் கொழுப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, தோலுக்குக் கீழே விரலால் கிள்ளிப் பிடிக்கக்கூடியது. மற்றது உள்ளே, குடலைச் சுற்றி. ஆபத்து இந்த உள்கொழுப்பில்தான் அதிகம். அங்கிருந்து புறப்படும் இரத்தத்தில் பெரும்பகுதி நேரே ஈரலுக்குப் போகிறது, கொழுப்பமிலங்களையும் சுமந்துகொண்டு. ஈரலில் கொழுப்பு படிகிறது, இன்சுலினின் பேச்சு எடுபடாமல் போகிறது, சீனி வருத்தம் வருகிறது. தெற்காசியரான நமக்கு ஆண்களில் 90, பெண்களில் 80 சென்டிமீட்டர் இடுப்புச் சுற்றளவே எச்சரிக்கை எல்லை.

மூச்சு வாங்க உழக்கும்போது அட்ரினலின் சுரக்கிறது. அதன் கட்டளைக்குத் தோலடிக் கொழுப்பைவிட உள்கொழுப்பு சீக்கிரம் பணிகிறது. ஒரு கொழுப்பு மூலக்கூறு உடைந்தால் ஒரு கிளிசரோலும் மூன்று கொழுப்பமிலங்களும் வெளியே வரும். அமிலங்கள் இரத்தத்தில் ஏறித் தசைக்குப் போய் எரிகின்றன. உச்ச வேகத்தில் தசை பெரும்பாலும் சர்க்கரையைத்தான் எரிக்கிறது. வேகம் தணிந்து இளைப்பாறும்போது கொழுப்பின் பங்கு கூடுகிறது. சரி, எரிந்த கொழுப்பு எங்கே போகிறது? வியர்வையில் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சோடு போய்விடும், மிச்சம் 1.6 கிலோதான் தண்ணீர்.

தசையும் சும்மா இருப்பதில்லை. உழைக்கும்போது இன்டர்லூக்கின்-6 என்ற புரதத்தை இரத்தத்தில் விடுகிறது. 2019இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில், தொப்பை உள்ளவர்கள் 12 வாரம் சைக்கிள் பயிற்சி செய்தார்கள். உள்கொழுப்பு குறைந்தது. ஆனால் அந்தப் புரதத்தின் வேலையைத் தடுக்கும் மருந்து பெற்றவர்களுக்கு, அதே பயிற்சி செய்தும் குறையவில்லை. தசை எழுதும் கடிதம் போய்ச் சேராவிட்டால் கொழுப்பு அசையாது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறொரு சோதனையை நான் வாசித்ததில்லை.

முதியவர்களுக்கு இன்னொரு கவலை உண்டு. சோற்றை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும். பிறகு கதிரையிலிருந்து எழும்பக் கை ஊன்ற வேண்டிவரும். 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், உடற்பருமன் உள்ள 160 முதியவர்களில் 120 பேர் உணவைக் குறைத்துக்கொண்டு பயிற்சி செய்தார்கள். நடை, சைக்கிள் போன்றவை மட்டும் செய்தவர்கள் தசை உள்ளிட்ட கொழுப்பற்ற எடையில் 5% இழந்தார்கள். பாரம் தூக்கியவர்கள் 2%, இரண்டும் செய்தவர்கள் 3%. உடல் இயக்கத்தில் அதிகம் தேறியவர்கள் இரண்டும் செய்தவர்களே.

இந்த வயதில் இப்படி மூச்சு வாங்கலாமா என்று அத்தை பயந்தார். நோர்வேயில் 70 முதல் 77 வயது வரையானவர்களை ஐந்து ஆண்டு இப்படிப் பழக்கியிருக்கிறார்கள்: 4 நிமிடம் கடும் வேகம், 3 நிமிடம் மெதுவாக, நான்கு தடவை. ஆனாலும் அத்தையின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். நெஞ்சுவலி, இருதய வருத்தம், கட்டுக்கடங்காத பிரஷர் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. சில பிரஷர் குளிசைகள் இருதயத் துடிப்பை ஏறவிடாது. அதனால் துடிப்பை எண்ணுவதைவிடப் பேச்சைக் கவனிப்பது நல்லது. இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் தொடர்ந்து பேச முடியாவிட்டால் அது கடும் வேகம்.

மாமா இப்போது பாலத்தில் மின்கம்பங்களை எண்ணி வேகம் கூட்டுகிறார், குறைக்கிறார். வீட்டுக்கு வந்ததும் கையூன்றாமல் கதிரையில் பத்துத் தடவை இருந்து எழும்புகிறார். எட்டாவதில் முழங்கால் நடுங்குகிறது. அத்தை பக்கத்தில் நின்று எண்ணுகிறார்.