பகலில் ஜன்னல், இரவில் கண்ணாடி

கோபியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அட்டாலியில பழைய நெட்புக் ஒண்ணு கெடக்குதுங்க. அதை வெச்சு, முகம் பாக்குற கண்ணாடியிலயே மணியும் மழைச் செய்தியும் தெரியுற மாதிரி பண்ணலாங்களா? பின்னாடி இருக்கிற எழுத்து முன்னாடி எப்படிங்க தெரியும்?"

தாராளமாகப் பண்ணலாம். 2008 வாக்கில் வந்த நெட்புக் என்ற சின்ன லேப்டாப்கள் பலவற்றில் இன்டெல் ஆட்டம் என்270 சிப், 1 ஜிபி ரேம், 10 அங்குலத் திரை இருக்கும். அது 32 பிட் சிப் என்பதால் டெபியன் 12 போன்ற 32 பிட் லினக்ஸ் இயங்குதளத்தைப் போடுங்கள். இதற்கென்றே இருக்கும் மேஜிக்மிரர் என்ற இலவச மென்பொருள் அந்தச் சிப்புக்குப் பாரம். கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒரு எளிய வலைப்பக்கம் எழுதி, பிரவுசரை முழுத்திரையில் திறந்துவிட்டாலே போதும். பேட்டரியைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். பழைய பேட்டரி உப்பும். அதைக் கண்ணாடிக்குப் பின்னால் மரச்சட்டத்துக்குள் சூட்டோடு அடைத்து வைப்பது ஆபத்து.

சரி, இனி கண்ணாடிக்கு வருவோம். இதை விளக்கத்தான் எனக்கு ஆசை.

பொள்ளாச்சியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் கோவைக்கு வந்திருப்பீர்கள். உள்ளே லைட் எரிகிறவரை ஜன்னல் கண்ணாடியில் உங்கள் முகம்தான். லைட்டை அணைத்ததும் முகம் போய்த் தென்னந்தோப்பு தெரியும். கண்ணாடி மாறவே இல்லை. நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு 8 பங்கைத் திருப்பி அனுப்பிவிட்டு மிச்சத்தில் பெரும்பகுதியை விடுவதுதான் எப்போதும் அதன் வேலை. எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் ஜெயிக்கும்.

அந்த 8 பங்கை 70 பங்காக உயர்த்தினால் நீங்கள் கேட்ட ஸ்மார்ட் கண்ணாடி. அதற்குக் கண்ணாடிமேல் மிக மெல்லிய அலுமினியப் பூச்சு வேண்டும், பத்து நானோமீட்டர் அளவில். நம் தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு! உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் கட்டில்லாமல் திரிகின்றன. ஒளி அலை வந்து மோதியதும் அவை அதன் தாளத்துக்கே ஆடி, வந்த வழியே ஓர் அலையைத் திருப்பி அனுப்புகின்றன. உள்ளே போகும் அலையை அடித்து அடக்குகின்றன. பூச்சு தடிமனாக இருந்தால் முழுக்க அடக்கிவிடும். மெல்லிதாக இருந்தால் அடக்கி முடிப்பதற்குள் உலோகமே தீர்ந்துபோகிறது. மிஞ்சிய ஒளி மறுபக்கம் தப்பிவிடும். எனக்கு இது எத்தனை முறை யோசித்தாலும் அலுக்காத விஷயம்.

இதை 'ஒருவழிக் கண்ணாடி' என்று சொல்வது தப்பு. எந்தப் பக்கமிருந்து ஒளி வந்தாலும் அதே சதவீதம்தான் ஊடுருவிப் போகிறது. சின்னக் கணக்கு போடலாம். நெட்புக் திரையின் வெள்ளை எழுத்துக்கு ஒளிர்வு 200 அலகு, பூச்சு விடுவது 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வெளியே வருவது 40. ஒற்றை விளக்கு எரியும் அறையில் உங்கள் வெள்ளைச் சட்டையின் பிம்பம் சுமார் 18. எழுத்து பளிச்சென்று நிற்கும். அதே கண்ணாடியை வாசல் வெயிலுக்கு எதிரே மாட்டினால் சட்டை பல நூறு அலகுக்குப் போய்விடும், எழுத்தைத் தேட வேண்டியதுதான். அதனால் ஜன்னலைப் பார்க்காத சுவராகப் பாருங்கள். திரையில் கருப்பாக விட்ட இடமெல்லாம் வெறும் கண்ணாடியாகவே நிற்கும். எழுத்தைத் திருப்பிப் போடவும் வேண்டாம். அது பிம்பம் அல்ல, ஊடுருவி வருவதை நேராகவே படிக்கிறோம்.

ராத்திரியில் கண்ணாடி பார்க்கக் கூடாது என்பார் என் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர். சிம்னி விளக்கு வெளிச்சத்தில் பாதி முகம் தெரிந்தால் யாருக்கும் திக்கென்றுதான் இருக்கும். ஆனால் அந்தப் பயத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. இந்தக் கண்ணாடி முன் நிறுத்தி, அறை விளக்கைப் போட்டு அணைத்துக் காட்டுங்கள்.

அணைக்கும்போது எழுத்தைச் சுற்றி மங்கலாக ஒரு சாம்பல் கட்டம் தெரியும். எல்சிடி திரையின் கருப்பு முழுக் கருப்பு இல்லை. பின்விளக்கு கொஞ்சம் கசியும். ராத்திரி பத்து மணிக்குத் திரை தானாக அணையும்படி வையுங்கள், பால்காரர் வரும் நேரத்துக்கு மறுபடி எரியட்டும்.