'ரிங்கா ரிங்கா ரோசஸ்' பிளேக் பாட்டா?

"யூகேஜி படிக்கும் மகள் 'ரிங்கா ரிங்கா ரோசஸ்' பாடுகிறாள். பிளேக்கில் செத்தவர்களைப் பற்றிய பாட்டு அது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பாட விடலாமா?" என்று பெரம்பூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். தாராளமாகப் பாடட்டும். அந்தச் செய்திக்கு ஆதாரமே இல்லை.

லண்டனைப் பெரும் பிளேக் தாக்கியது 1665இல். இங்கிலாந்தில் இந்தப் பாட்டு அச்சேறியது 1881இல், கேட் கிரீன்அவே படம் வரைந்த நூலில். இடையில் 216 ஆண்டுகள். பிளேக்கை நேரில் கண்டு நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ் இப்படியொரு பாட்டைச் சொல்லவே இல்லை. பிளேக் விளக்கம் பரவியதோ இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். நோயும் ஒத்துவரவில்லை: அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறிகட்டுவதுதான் அதன் அடையாளம், பாட்டில் வரும் தும்மல் அல்ல.

தும்மல் வருகிற அந்த வரியைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் தும்மல் ஓசையாக "அடிஷூ அடிஷூ", அமெரிக்காவில் சாம்பல் என்று பொருள்படும் "ஆஷஸ் ஆஷஸ்", நம் பள்ளிகளில் "ஹஷா புஷா". அர்த்தம் மூன்று ஊரிலும் மூன்று விதம், ஓசை மட்டும் கிட்டத்தட்ட ஒன்று. வாய்வழிப் பாட்டு உயிரோடு இருக்கும் விதமே இதுதான். எதுகை, தாளம், பொருள் என்ற கட்டுகள் சேர்ந்து அடுத்த சொல் வரக்கூடிய இடத்தைக் குறுக்கிவிடுகின்றன என்று உளவியலாளர் டேவிட் ரூபின் 1995இல் விரிவாக விளக்கினார்.

நம் பாட்டிலேயே பார்க்கலாம்.

நிலா நிலா ஓடி வா
நில்லாமல் ஓடி வா
மலை மேலே ஏறி வா
மல்லிகைப் பூ கொண்டு வா

வரி முடிவில் நான்கு முறை "வா". தொடக்கத்தில் நிலா–நில்லாமல், மலை–மல்லிகை என்று மோனை. ஒரு குழந்தை மறந்துபோய் "ரோஜாப் பூ" என்றால் காதுக்கே இடறும். பக்கத்துக் குழந்தை திருத்திவிடும். ஆனால் "மலை மேலே" சிலர் வாயில் "மலை மீது" ஆகியிருக்கிறது. இரண்டும் 'ம'வில் தொடங்குகின்றன, தாளமும் கெடவில்லை, அதனால் யாரும் தடுக்கவில்லை. பூட்டு இறுகிய இடத்தில் சொல் நிலைக்கிறது, தளர்ந்த இடத்தில் மாறுகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஆகவே ஒரு பாட்டின் வயதைத் தேட மூன்று கேள்விகள் போதும். முதலில் எப்போது அச்சேறியது? அதற்குச் சொல்லும் 'ரகசியக் கதை' எப்போது கிளம்பியது? ஊருக்கு ஊர் எந்தச் சொல் மாறுகிறது? முதல் கேள்வியின் விடை கீழ்வரம்புதான். பாட்டு அச்சுக்கு வெகுகாலம் முன்பே வாயில் இருந்திருக்கலாம். பழைய பாலபாடங்களைப் பார்க்க நினைக்கும் சென்னைவாசிகள் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலிருந்து தொடங்கலாம்.

மூன்றாவது கேள்விக்கு விடை பாட்டிகளிடம் இருக்கிறது. அதைச் சேகரிக்கப் பல்கலைக்கழகங்கள் இப்போதே பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் பாட்டுகள் போகின்றன. நீங்களும் போனில் பதிவு செய்யலாம். பாடுபவரின் வயதையும் சிறுவயதில் வளர்ந்த ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள். திருத்தாதீர்கள், எடுத்தும் கொடுக்காதீர்கள். உட்கார்ந்தபடி "சொல்லுங்க" என்று கேட்டால் பாதியில் நின்றுவிடும். "ஒரு குடம் தண்ணி ஊத்தி" வேண்டுமென்றால் இருவர் கைகோத்து வளைவாகத் தூக்கி நில்லுங்கள், பேரப்பிள்ளைகள் அடியில் நுழைந்து ஓடட்டும். மூன்றாவது குடத்துக்குள் பாட்டிக்குப் பத்தாவது குடம்வரை வந்துவிடும்.