ட்யூப் லைட் தராத நிழல்

மேசைமேல் விரித்த வரைபடத்தில் படைகளை நகர்த்தி விளையாடும் போர் விளையாட்டு, 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி ராணுவப் பயிற்சிக்காக வகுத்த முறையால் பரவலானது. இன்று அதைப் பொழுதுபோக்காக ஆடுவோர், வரலாற்றுப் படைவீரர்களின் சிற்றுருவங்களுக்குத் தாமே வண்ணம் தீட்டிக்கொள்கிறார்கள். 1782 பிப்ரவரியில் தஞ்சாவூர்ச் சீமையின் அன்னகுடியில் திப்பு சுல்தானிடம் தோற்ற, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கர்னல் பிரெய்த்வெயிட்டின் சிப்பாய்களைக் கும்பகோணத்தில் என் வீட்டு மேசையில் நான் தீட்டிக்கொண்டிருந்தபோது, பார்க்க வந்த உறவினர் ஒருவர் நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார்: "சட்டை மடிப்பு பள்ளமாகத்தானே இருக்கிறது, நிழல் தானாக விழாதா? அதை எதற்கு வண்ணத்தால் வேறு தீட்ட வேண்டும்?"

விடை சிப்பாயிடம் இல்லை, அவர் தலைக்கு மேலே எரிந்த விளக்கில் இருக்கிறது. சூரியன் நம் கண்ணுக்கு அரைப் பாகை அகலமே உள்ள ஒளிமூலம் என்பதால், அதன் நிழலுக்குக் கூர்மையான விளிம்பு உண்டு. நான்கடி ட்யூப் லைட்டை ஒன்றரை மீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால், அதன் நீளம் ஏறத்தாழ 44 பாகைக்கு விரிகிறது. குழாயின் ஒரு முனையிலிருந்து வரும் ஒளிக்கு மறைந்திருக்கும் மடிப்பை மறுமுனையின் ஒளி எட்டிவிடுகிறது; எஞ்சியதை வெள்ளைச் சுவர்கள் நிரப்பிவிடுகின்றன. ஒற்றை எண்ணெய் விளக்கு எரியும் கருவறையில் சுவாமிமலை வார்ப்புத் திருமேனியின் ஆடைமடிப்பு ஒவ்வொன்றும் தனித்துத் தெரிவதும், அதே வார்ப்பு கடையின் ட்யூப் லைட்டுகளுக்குக் கீழே மழுங்கித் தெரிவதும் இதே காரணத்தால்தான்.

தொலைவும் ஒரு காரணம். விளையாட்டில் பரவலாகப் புழங்கும் உருவத்துக்கு உள்ளங்காலிலிருந்து கண் வரை 28 மில்லிமீட்டர் உயரம். அதாவது மனிதனில் ஏறத்தாழ 56இல் ஒரு பங்கு. அதை 60 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்ப்பது, நிஜச் சிப்பாயை 34 மீட்டர் தொலைவில் நிறுத்திப் பார்ப்பதற்குச் சமம். நல்ல கண்ணாலும் அந்த 60 சென்டிமீட்டர் தொலைவில் 0.17 மில்லிமீட்டரைவிட நுண்ணிய விவரத்தைப் பிரித்தறிவது கடினம். உடையின் ஓரங்களில் தானாக விழும் மெல்லிய நிழல் அந்த அளவில் கண்ணுக்குப் படாது. ஆகவே சிவப்புச் சட்டையின் குறுக்கே ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் வெள்ளைத் தோல்வாரை வெறுமனே தீட்டினால், அது சட்டையோடு ஒட்டிய கோடாகவே தெரியும். வாரின் இரு ஓரங்களிலும் 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் கரும்பழுப்புக் கோடு இழுத்தால், வார் சட்டையைவிட்டு எழுந்து நிற்கும். நிஜ அளவில் அது ஒரு சென்டிமீட்டருக்கும் அதிகமான கோடு. எந்தச் சிப்பாயின் உடையிலும் அப்படி ஒன்று இருந்ததில்லை. சீருடை விவரத்தில் கறாராக இருப்பவர்கள்கூட இந்தப் பொய்யை மட்டும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

மடிப்புகளுக்கு நிழல் கொடுக்கும் வேலையைப் பெரும்பாலும் திரவமே செய்துவிடுகிறது. நீர்த்த அடர்நிற வண்ணத்தை, ஓவியர்கள் 'வாஷ்' என்பதை, உருவத்தின்மேல் பூசினால், பரப்பு இழுவிசை அதைப் பள்ளங்களுக்குள் இழுத்துச் சேர்க்கிறது. மேட்டில் மெல்லிய படலமே மிஞ்சுகிறது. நீர் ஆவியானபின், திரவம் தடித்து நின்ற இடத்தில் நிறமித் துகள்கள் அதிகமாகப் படிகின்றன. சிவப்புக்கு நான் கறுப்பைச் சேர்ப்பதில்லை, அரக்குப் பழுப்பையே சேர்ப்பேன். மேடுகளை வெளுப்பாக்குவதற்கும் வெள்ளையைவிட ஆரஞ்சு நல்லது; வெள்ளை கலந்தால் சிவப்பு ரோஸ் நிறமாகிவிடும்.

சமதளமான இடங்களில் இதே திரவம் காலை வாரிவிடும். தரையில் சிந்திய ஒரு சொட்டு டிகாக்ஷன் காய்ந்தால், நடு வெளுத்து ஓரம் கருத்த வளையமாகிறது அல்லவா? சொட்டின் விளிம்பு தரையைப் பற்றிக்கொண்டு நகராமல் நிற்கிறது. ஆவியாதல் அங்கேதான் வேகமாக நடக்கிறது. இழந்த நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து ஓடிவரும் நீர் துகள்களையும் ஓரத்துக்கு இழுத்து வருகிறது. 1997இல் இயற்பியலாளர்கள் விளக்கிய இந்த விளைவுதான் சிப்பாயின் முதுகுப்பையிலும் கறை வளையம் போடுகிறது. தேங்கிய சொட்டை ஈரத் தூரிகையின் நுனியால் உறிஞ்சி எடுத்துவிட்டால் வளையம் விழாது.

டெல்டாவின் ஐப்பசி மழை இந்தக் கணக்கையெல்லாம் மாற்றிவிடுகிறது. அக்ரிலிக் வண்ணம் என்பது நீரில் மிதக்கும் நுண்ணிய பாலிமர் உருண்டைகள்; நீர் வெளியேறியபின் அவை ஒன்றோடொன்று நெருங்கி, நசுங்கி, ஒரே படலமாக இணைகின்றன. இணைந்த படலம் மறுபடி நீரில் கரையாது என்பதால்தான் அதன்மேல் அடுத்த பூச்சைத் துணிந்து போட முடிகிறது. ஈரக்காற்றில் நீர் வெளியேறவே நேரமாகிறது. அவசரப்பட்டு மேலே தூரிகையை வைத்தால், பாதி இணைந்த படலம் உரிந்துகொண்டு வரும். ஒரு மழை இடைவெளியில் மொட்டை மாடிக்கு ஓடி, பன்னிரண்டு சிப்பாய்களுக்கு ஸ்பிரே பிரைமர், அதாவது வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு, அடித்தேன். வேகமாக ஆவியான கரைப்பான் பரப்பைக் குளிர்வித்தது. காற்றின் ஈரம் அதன்மேல் பனித்துளியாகப் படிந்தது. கருப்பு பிரைமர் சாம்பல் பூத்துப்போக, எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. இப்போது அந்த வேலையைப் பங்குனி வெயிலில் முடித்துவைத்துக்கொள்கிறேன்.

தீட்டிய நிழலுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. தொப்பியின் கீழும் தாடையின் கீழும் இருட்டு, மூக்குத்தண்டிலும் தோளிலும் வெளிச்சம் என்று தீட்டும்போது, ஒளி மேலிருந்து வருவதாகவே வைத்துக்கொள்கிறோம். மின்வெட்டின்போது அகல்விளக்கை மேசைமேல் சிப்பாயின் காலடியில் வைத்துப் பார்த்தேன்: கீழிருந்து வந்த சுடரொளி தாடையின் கீழ் விழ, அங்கே நான் பூசியிருந்த பழுப்பு நிழலாகத் தெரியவில்லை, ஒரு வாரம் மழிக்காத தாடியாகத் தெரிந்தது.