மருத்துவச் சேர்க்கையில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு இடமில்லையா?

மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு உடற்கூறியல் கற்பிக்கும் என்னிடம் பெற்றோர் பலர் கேட்பது ஒன்றுதான்: "நீட் மார்க்தானே சார் கணக்கு, பிளஸ் டூவில் பாஸ் பண்ணினால் போதாதா?" விதிப்படி, இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்ந்து பொதுப் பிரிவினருக்கு 50 விழுக்காடு இருந்தால் போதும், தரவரிசையை நீட்டின் 720 மதிப்பெண்ணே தீர்மானிக்கிறது. ஆனால், சேர்ந்த பிறகு நடப்பது வேறு.

"மணிக்கட்டில் அல்நார் நரம்பு அறுபட்டால் கைவிரல்கள் ஏன் கொக்கிபோல் மடங்குகின்றன?" என்ற வினாவுக்கு நான்கு விடைகள் கொடுத்தால் நொடியில் சரியானதைத் தொடும் மாணவர், அதையே படம் வரைந்து விளக்கச் சொன்னால் மூன்று வரிகளில் நின்றுவிடுகிறார். எம்.பி.பி.எஸ். பல்கலைக்கழகத் தேர்வோ பெரிதும் எழுத்தாலும் வாய்மொழியாலும் ஆனது. நீட்டில் ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டியதில்லை.

அதற்காகப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். அது மட்டுமே அளவுகோலாக இருந்த 2007 முதலான ஆண்டுகளில், தனியார் பள்ளிகள் பலவற்றில் பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டாண்டு உருப்போட வைத்தார்கள். 2018இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வெவ்வேறு வாரியங்களின் மதிப்பெண்களை அப்படியே ஒப்பிடுவதும் நியாயமாகாது.

2007க்கு முன்பு, பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100 என 300க்குக் கட்-ஆஃப் கணக்கிட்ட முறை இங்கே இருந்தது. நகர மாணவர்களுக்கே அது சாதகம் என்ற குறையை நான் மறுக்கவில்லை. இன்று பயிற்சி மையத்தில் ஓராண்டு, ஈராண்டு தங்கிப் படிக்க வசதியுள்ளவர்களுக்கு நீட் தரும் சாதகமும் சிறிதல்ல. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தேவைப்பட்டதே அதற்குச் சான்று. வாரியங்களின் மதிப்பெண்களைச் சமன்செய்து, பிளஸ் டூ, நீட் இரண்டுக்கும் எடை தரும் முறையே சரி என்பது என் உறுதியான கருத்து.

அது வரும்வரை பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது, வருகைப்பதிவுக்கு மட்டும் ஒரு பள்ளியில் பெயரை வைத்துவிட்டு, பிள்ளையைப் பயிற்சி மையத்திலேயே விட்டுவிடாதீர்கள். ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், ஐந்து மதிப்பெண் வினாக்களுக்குப் படத்தோடு முழு விடை எழுதும் பழக்கம் நீட் முடியும்வரை விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.