சைலன்சரும் 200 டாலர் வரியும்

சைலன்சரைக் கழற்றிவிட்ட புல்லட் வண்டி ஒன்று தெருவுக்குள் நுழைந்தால், அந்தக் குழாய் அதுவரை என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பது தெருவுக்கே புரிந்துவிடும். துப்பாக்கியின் சைலன்சருக்கும் வேலை அதுதான். 1909-இல் அதற்குக் காப்புரிமை பெற்ற அமெரிக்கப் பொறியாளர் ஹைரம் பெர்சி மாக்சிம், எஞ்சின்களின் ஓசையைக் குறைக்கவும் அதே நுட்பத்தைப் பயன்படுத்தினார்.

தோட்டாவைத் தள்ளிக்கொண்டு வரும் வெடிமருந்து வாயு, மிகுந்த அழுத்தத்தோடும் வெப்பத்தோடும் குழலின் வாயிலிருந்து ஒரே கணத்தில் வெளியே பாய்வதால்தான் வெடியோசை எழுகிறது. சோடா புட்டியின் மூடியைச் சட்டெனத் திறந்தால் ‘டப்’பென்ற ஓசையும், மெல்லத் திருகினால் ‘உஸ்’ஸென்ற ஓசையும் வருவதைப் போல, வாயு வெளியேறும் வேகத்தைப் பொறுத்தே ஓசையும் அமைகிறது. சைலன்சருக்குள் வரிசையாக இருக்கும் தடுப்புத் தட்டுகள் வாயுவை அறை அறையாக விரியவும் சுழலவும் வைத்து, அதன் வெப்பத்தை உலோகத்துக்குக் கடத்தி, அழுத்தம் குறைந்த பிறகே வெளியே விடுகின்றன.

இதனால் ஓசை ஏறக்குறைய 20 முதல் 35 டெசிபல் வரை குறைகிறது. 160 டெசிபல் அளவில் வெடிக்கும் துப்பாக்கி, செவிக்கு உடனடித் தீங்கு விளைவிக்கும் எல்லையாகக் கருதப்படும் 140-க்குக் கீழே வரலாம். ஆனால் அதை அமைதி என்று சொல்ல முடியாது. ஒலியைவிட வேகமாகச் செல்லும் தோட்டா காற்றைக் கிழிக்கும்போது எழும் வெடிப்போசையை எந்தச் சைலன்சராலும் அடக்க முடியாது. திரைப்படங்கள் நம் மனத்தில் பதித்திருக்கும் ஓசையற்ற துப்பாக்கி மெய்யானதன்று.

அமெரிக்காவின் 1934-ஆம் ஆண்டு தேசியத் துப்பாக்கிச் சட்டம் இந்தக் குழாயை இயந்திரத் துப்பாக்கியோடு ஒரே பட்டியலில் வைத்தது. மக்களின் பாதுகாப்புக்காகப் பொதுவாகச் சட்டமியற்றும் அதிகாரம் மாநிலங்களிடமே இருப்பதால், மத்திய அரசு தனது வரிவிதிக்கும் அதிகாரத்தைக் கையிலெடுத்தது: ஒவ்வொரு சைலன்சரையும் பதிவு செய்ய வேண்டும், அது கைமாறும்போது 200 டாலர் வரி கட்ட வேண்டும். இன்றைய மதிப்பில் 4,000 டாலருக்கும் மேற்பட்ட அந்தத் தொகை, வருவாயைவிடத் தடுப்பதையே நோக்கமாகக் கொண்டிருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் 1937-இல் சான்சின்ஸ்கி வழக்கில், அச்சட்டம் துப்பாக்கி வணிகர்கள்மீது விதித்த ஆண்டு வரியை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒழுங்குபடுத்தும் விளைவு இருப்பதனாலேயே வரி வரியல்லாமல் போய்விடாது என்பதும், அதிலிருந்து ஓரளவு வருவாயும் வருகிறது என்பதும் அது சொன்ன காரணங்கள்.

பிற்கால வழக்குகள் பல, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் கூறும் அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தத்தைப் பற்றி நின்றன. அங்கே கேள்வி, சைலன்சர் ஆயுதமா என்பது. கன்சாஸிலிருந்து வந்த ஒரு வழக்கில், அது துணைக்கருவியே, ஆயுதமன்று என்று பத்தாவது சர்க்யூட் எனப்படும் வட்டார மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. ஐந்தாவது சர்க்யூட்டும் 2025 பிப்ரவரியில் அவ்வாறே கூறியது. ஆனால் அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியிட்ட திருத்திய தீர்ப்பில், அரசியலமைப்பின் பாதுகாப்பு சைலன்சருக்கு உண்டு என்றே வைத்துக்கொண்டாலும், உரிமம் வழங்கும் முறையை ஒத்த இந்தப் பதிவுமுறை செல்லும் என்றது. தனியே நிற்கும்போது எவரையும் சுட முடியாத ஓர் உலோகக் குழாய், துப்பாக்கியில் பொருத்தினால் மட்டுமே பொருள் பெறுகிறது என்பதால், இந்தக் கேள்விக்கு இயற்பியல் விடை தராது என்பது என் கருத்து.

இரண்டாம் திருத்த வாதத்தைவிட வலுவானதாக எனக்குத் தோன்றுவது வரியைப் பற்றிய வாதம். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான வரிச் சட்டம், 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கான 200 டாலரைச் சுழியமாக்கியது. 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலிலிருந்தே சைலன்சரை நீக்கும் முயற்சி, வரவுசெலவு சார்ந்த சட்டங்களுக்கான செனட் விதிகளுக்குப் பொருந்தாததால் கைவிடப்பட்டது. வரி போயிற்று, பதிவு மட்டும் நின்றது. வரியை வசூலிக்கும் பொருட்டு ஏற்பட்ட பதிவு, வரியே இல்லாதபோது எந்த அதிகாரத்தில் தொடர்கிறது என்று கேட்டு டெக்சாஸிலும் மிசௌரியிலும் மத்திய நீதிமன்றங்களில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. இதற்கு மறுமொழியாகச் சொல்லத்தக்கவையும் உண்டு: தயாரிப்பாளரும் விற்பனையாளரும் கட்டும் ஆண்டுத் தொழில்வரி இன்னும் இருக்கிறது, மாநிலங்களுக்கிடையேயான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் மத்திய அரசுக்கு உண்டு.

இதற்கிடையே, ஒரு சைலன்சர் வாங்க விரும்புகிறவர் விண்ணப்பத்தோடு கைரேகையையும் புகைப்படத்தையும் இணைத்து அனுப்பி ஒப்புதலுக்குக் காத்திருக்கிறார். செலுத்த வேண்டிய வரி சுழியம்.