டெரெய்ன்: மேஜைப் போர்ல இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், தமிழ்ல என்னன்னு சொல்லலாம்?

டேபிள்டாப் வார்கேம், அதாவது மேஜை மேல குட்டி பொம்மை வீரர்களை நகத்தி ஆடுற போர் விளையாட்டு, இதை ஆடுறவங்க வாயில சும்மா சும்மா வர்ற சொல்லு டெரெய்ன். 6க்கு 4 அடி மேஜை, அதுல 28 மில்லிமீட்டர் அளவு வீரர்கள், நடுவுல இடிஞ்ச கோபுரம், பாறை, பட்ட மரம், பச்சையா மின்னுற மந்திரக்கல்லு. இந்த வீரர்கள் மினியேச்சர், மத்ததெல்லாம் டெரெய்ன். சிலர் இதையே சீனரின்னும் சொல்வாங்க, ஆனா எனக்கு ரெண்டும் ஒண்ணு இல்ல. சீனரி நாடக மேடையிலேர்ந்து வந்த சொல்லு, பின்னாடி நிக்கிற அலங்காரம். டெரெய்ன் ஆட்டத்துக்குள்ள வேலை செய்யும். சுவத்துக்குப் பின்னாடி நின்னா அம்பு படுறது கஷ்டம், பல விதிகள்ல காட்டுக்குள்ள நுழைஞ்சா நடை பாதியாயிடும், கோபுரம் குறுக்க வந்தா எதிரி கண்ணுக்கே தெரியாது.

சொல்லோட வேர் லத்தீன் 'டெர்ரா', நிலம்னு அர்த்தம். அதுக்கும் அடியில இருக்குற பழைய வேருக்கு 'காய்ஞ்சது'ன்னு பொருள், அதாவது கடலுக்கு எதிர்ப்பதமா காய்ஞ்ச தரை. சமஸ்கிருதத்துல தாகத்தைக் குறிக்கிற 'த்ருஷ்ணா'வும் அதே வேர்தான். நம்ம 'தரை'யும் 'டெர்ரா'வும் ஒரே மாதிரி கேக்குதேன்னு ரெண்டையும் சேத்துடக்கூடாது, இந்த 'காய்ஞ்சது' வேர் தரைக்குக் கிடையாது. பிரெஞ்சு வழியா 18ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷுக்கு வந்தப்ப முதல்ல குதிரை பழக்குற மைதானத்துக்குத்தான் சொன்னாங்க, மேடு பள்ளத்தோட பாக்குற நிலம்ங்கிற பொருள் அப்புறம் வந்தது.

மேஜை மேல இதைக் கொண்டுவந்தவங்கள்ல முக்கியமானவர் பிரஷ்யாக்காரர் (பழைய ஜெர்மன் ராஜ்யம்) லியோபோல்ட் ஃபான் ரைஸ்விட்ஸ். 1812ல மன்னர் மூணாம் ஃபிரெடெரிக் வில்லியமுக்கு ஒரு போர் மேஜை செஞ்சு குடுத்தார். ஆறு, ரோடு, ஊர் எல்லாம் வண்ணம் தீட்டுன பிளாஸ்டர் துண்டுகள், மாத்தி மாத்தி அடுக்கி வேற வேற களம் உண்டாக்கலாம். இன்னிக்கு நாம செய்றதும் அதேதான். அவர் மகன் 1824ல 8000ல ஒரு பங்கு அளவு வரைபடத்துக்கு மாறிட்டார், ராணுவத்துக்கு அது வசதி, ஆனா கையால தொடுற அழகு போயிடுச்சு.

அந்த அழகு பெயின்ட்ல இருக்கு. என் முதல் கோபுரத்தைத் தெர்மாகோல்ல வெட்டி நேரா ஸ்பிரே அடிச்சேன், ஸ்பிரேல இருக்குற கரைப்பான் தெர்மாகோலைத் தின்னு ஒரு பக்கம் அப்படியே குழிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் ஃபெவிகால்ல கறுப்பு அக்ரிலிக் கலந்து முழுசா ஒரு கோட் பூசி காயவிட்டுதான் மத்த வேலை. மேல டிரைபிரஷ்: பிரஷ்ல சாம்பல் நிறம் தொட்டு பேப்பர்ல தேய்ச்சு தேய்ச்சு, இனி பெயின்டே இல்லன்னு தோணுறப்போ கல்லு மேல லேசா இழுக்கணும், விளிம்புல மட்டும் நிறம் ஒட்டும், பள்ளத்துல கறுப்பு அப்படியே நிக்கும், நூறு வருஷம் மழையில நனைஞ்ச கல்லு மாதிரி இருக்கும்.

சரி, தமிழ்ல? அகராதியில நிலப்பரப்பு, நிலவமைப்பு. இலங்கைப் புவியியல் பாடத்துல தரைத்தோற்றம்னு வரும், நல்ல சொல்லு, ஆனா கண்ணுக்குத் தெரியுற வடிவத்தோட நின்னுடுது. வெறும் 'களம்'னு சொல்லலாமான்னா, நெல்லடிக்கிற களமும் களம்தான், சமமாக்கின வெட்டவெளி. டெரெய்னோ அந்தச் சமத்தைக் கெடுக்க வந்தது. வள்ளுவர் அரணுக்குச் சொன்னதைப் பாருங்க: "மணிநீரும் மண்ணும் மலையும் அணிநிழற் காடும் உடைய தரண்". தண்ணி, வெட்டவெளி, மலை, காடு, நாலையும் அழகுக்காக அவர் சொல்லல, எதிரியைத் தடுக்கிறதுக்காகச் சொல்றார். டெரெய்னோட பொருளே இதுதான்.

அதனால மொத்த அமைப்புக்குக் 'களநிலம்', ஒவ்வொரு பீஸுக்கும் 'நிலத்துண்டு'ன்னு நான் சொல்றேன், ஃபேன்டசி வகைன்னா 'மாயநிலத்துண்டு'. ஆடுறப்போ வாயில தடுக்காம வருது: "நடுவுல இன்னும் ரெண்டு நிலத்துண்டு வைப்பா, உன் வில்லாளிங்க முன்னாடி என் ஆளுங்க ஒதுங்க இடமே இல்ல."