மெட்ரோ சுரங்கம் வருவதற்கு முன் வீட்டுச் சுவரைப் படம் எடுத்து வையுங்கள்

நாகர்கோவிலில் குடியிருந்துகொண்டு சென்னையில் வீடு வைத்திருப்பவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போனபோது பெரம்பூரிலோ அயனாவரத்திலோ வாங்கிப்போட்டதை இப்போது வாடகைக்கு விட்டிருப்பார்கள். மெட்ரோ இரண்டாம் கட்டச் சுரங்கம் அந்தப் பக்கமாகத்தான் போகிறது. கட்டட ஆய்வுப் பொறியாளன் என்பதால் என்னிடம் வரும் முதல் கேள்வி: "மக்களே, வீடு இடிஞ்சிருமா?"

பெரும்பாலும் இடியாது. தோண்டும் எந்திரம் எதிரே உள்ள மண்ணை அழுத்தம் கொடுத்துத் தாங்கியபடியே நகர்கிறது. பின்னாலேயே கான்கிரீட் வளையங்களைப் பொருத்தி, வளையத்துக்கும் மண்ணுக்கும் நடுவே சிமென்ட் கலவையைச் செலுத்துகிறார்கள். அப்படியும் மேலே தரை சில மில்லிமீட்டர் இறங்கலாம். வீடு முழுக்க ஒரே அளவில் இறங்கினால் பாதகமில்லை. ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் நின்றுவிட்டால்தான் சுவர் கீறும். அதனால் சுரங்கத்துக்கு நேர் மேலே உள்ள வீட்டைவிடச் சற்றுத் தள்ளியிருக்கும் வீடு அதிகம் வெடிப்பதும் உண்டு.

விபத்தே நடக்காது என்றும் சொல்லமாட்டேன். 2019இல் கொல்கத்தா பௌபஜாரில் எந்திரம் நிலத்தடி நீர் அடுக்கில் மாட்டி, மண்ணும் நீரும் சுரங்கத்துக்குள் பாய்ந்து, மேலே பழைய வீடுகள் இடிந்தன.

பணிக்கு முன் கட்டட நிலையைப் பதிவு செய்ய ஓர் ஆய்வுக் குழு வரும். இங்கேதான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். வீட்டை எடுக்க வந்திருக்கிறார்கள் என்று பயந்து, "கதவைத் திறக்காதீங்க" என்று வாடகைக்காரருக்குப் போனிலேயே உத்தரவு போய்விடும். அப்புறம் விரிசல் விட்டால், அது முன்பே இருந்ததில்லை என்று எதை வைத்துக் காட்டுவது? தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் கீறல் இல்லாத வீடு அபூர்வம். குழுவை உள்ளே விடுங்கள். மொட்டைமாடி, குளியலறை உட்பட எல்லாம் பதிவானதா என்று பார்த்துக் கையெழுத்திட்டு, ஒரு நகல் கேளுங்கள். நீங்களும் ஒவ்வொரு கீறலின் மேலும் ஸ்கேல் வைத்துத் தேதி தெரியப் படம் எடுங்கள். கீறலின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டால், நீண்டால் தெரிந்துவிடும்.

1 மில்லிமீட்டர் அகலத்துக்கு உட்பட்ட கீறல் பூச்சு வேலையோடு முடியும். 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, நேற்றுவரை சரியாகச் சாத்திய கதவு திடீரென்று இறுகினாலோ, உடனே திட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

இன்னொன்று, பலர் மறைப்பது: பழைய போர்வெல். மூடிய குழாயானாலும் ஆழத்தோடு சொல்லிவிடுங்கள். சுரங்கத்தின் அழுத்தம் அதன் வழியாகத் தப்பினால் நுரையும் சேறும் உங்கள் முற்றத்தில்தான் பொங்கும்.

இரணியல், குழித்துறைப் பக்கம் இரட்டை ரயில்பாதை வேலையை ஒட்டி வீடு இருப்பவர்களும் இதே படப்பதிவைச் செய்துகொள்ளலாம். அங்கே ஆபத்து ரோலர் அதிர்விலிருந்தும் மண் வெட்டுவதிலிருந்தும் வரும். மண் சாந்தில் கட்டிய பழைய கல்சுவரையும் கிணற்றின் உள்சுவரையும் முதலில் படம் எடுங்கள்.